1930களின் வேலையின்மைப் பட்டியலில் முத்துக்கரை எங்கே?

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் எந்த நாட்டில் வேலையின்மை மிக மோசமாக இருந்தது? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் அந்த நெருக்கடி நடந்துகொண்டிருந்த நாள் முதல் இன்றுவரை இதற்குக் கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஜெர்மனி என்கிறது ஒரு பட்டியல். அமெரிக்கா என்கிறது இன்னொன்று. ஒரே நாட்டின் ஒரே ஆண்டுக்கே பத்துப் பன்னிரண்டு சதவீதப் புள்ளிகள் வேறுபடும் எண்களை மதிப்புமிக்க ஆய்வாளர்கள் தந்திருக்கிறார்கள். இந்தப் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அம்சமும் உண்டு. பெரும்பாலும் மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவை மட்டுமே அவற்றில் இருக்கின்றன. இந்தியா இல்லை, இலங்கை இல்லை, மலாயா இல்லை. உலக மக்களில் பெரும்பகுதியினர் உழைத்துவந்த நாடுகளை ஒதுக்கிவிட்டுத்தான் இதுவரை ஒப்பீடு நடந்திருக்கிறது.

இந்த விவாதத்தை முத்துக்கரை எனப்படும் தூத்துக்குடிக் கரையில் நின்று பரிசீலிப்பதற்குக் காரணம் உண்டு. நகரின் வடக்கு ஓரத்தை ஒட்டிய மாப்பிள்ளையூரணி ஊராட்சியும் அதைச் சூழ்ந்த கரையும் உழைப்பின் பல வடிவங்கள் ஒன்றுகூடிய பகுதி. கோரல் மில் பஞ்சாலையில் சம்பளத் தொழிலாளர்கள், துறைமுகத்தில் கூப்பிட்டால் வரும் சுமைகூலிகள், மழைக்கு மூடிக் கோடைக்குத் திறக்கும் உப்பளங்கள், பங்குக்குக் கடலில் இறங்கும் மீனவர்களும் முத்து, சங்கு குளிப்பவர்களும், கடல்தாண்டித் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் என அந்தக் காலத்தில் இங்கே எல்லாரும் இருந்தார்கள். வேலையின்மைக்கு ஆய்வாளர்கள் தரும் ஒவ்வொரு வரையறையையும் இவர்களில் யாராவது ஒருவரிடம் வைத்துப் பார்த்தால், அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஆண்டு, இரண்டு எண்கள்

அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பொருளியலாளர் ஸ்டான்லி லெபர்காட் பிற்காலத்தில் கட்டியெழுப்பிய மதிப்பீட்டின்படி அவ்வாண்டு வேலையின்மை 24.9 சதவீதம். விவசாயத்துக்கு வெளியே கூலிக்கு உழைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே அடிப்படைத் தரவுகள் 37.6 சதவீதம் என்கின்றன. முதல் கணக்கில் சொந்த நிலத்தில் உழும் விவசாயியும் பெட்டிக்கடை வைத்திருப்பவரும் வகுக்கும் எண்ணில் சேர்கிறார்கள். அவர்கள் வருமானத்தை இழக்கலாம், கடனில் மூழ்கலாம், ஆனால் யாரும் அவர்களை வேலையை விட்டு நீக்க முடியாது. அதனால் விகிதம் தாழ்கிறது. பிரிட்டனிலும் இதே கதைதான். 1932இல் காப்பீடு பெற்ற தொழிலாளர்களிடையே வேலையின்மை 22 சதவீதத்தைத் தொட்டது. எல்லா உழைப்பாளர்களையும் சேர்த்துச் சார்லஸ் ஃபைன்ஸ்டைன் கணக்கிட்டபோது அது 15.6 சதவீதமாக இறங்கியது.

எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வேறுபாட்டின் காரணம் புரியும். பிரிட்டனில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் சில தொழில்களுக்கு மட்டும் வேலையின்மைக் காப்பீடு தந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு விரிவுபடுத்தியது. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலையாட்களும் அப்போதும் வெளியே நின்றார்கள். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் தொழிற்சங்கங்களே வேலையிழந்த உறுப்பினர்களைக் கணக்கெடுத்தன. பிரான்சில் உள்ளூர் நிவாரணம் பெற்றவர்களே பதிவேட்டில் ஏறினார்கள். அமெரிக்காவில் தொடர்ச்சியான கணக்கெடுப்பே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை முன்னும் பின்னும் வைத்து இடைப்பட்ட ஆண்டுகளைப் பிற்காலத்தவர் ஊகித்து நிரப்பினார்கள். இன்று நமக்குப் பழகிப்போன 'உழைப்பாளர் படை' என்ற கருத்து அந்நாட்டுக் கணக்கெடுப்பில் இடம்பெற்றது 1940இல்தான். அதாவது மந்தம் முடியும் தறுவாயில்.

இவற்றை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் முயற்சிகள் பல நடந்தன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியலாளர் மாநாடு 1925லேயே இதற்கான தீர்மானங்களை வகுத்தது. வால்ட்டர் கேலன்சனும் ஆர்னால்டு ஸெல்னரும் 1957இல் தொழில்துறை வேலையின்மைக்கான ஒப்பீட்டுப் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் 1932இன் ஜெர்மனி 43.8 சதவீதத்துடன் உச்சியில் நின்றது. பாரி ஐக்கன்கிரீனும் டிமத்தி ஹாட்டனும் 1988இல் பதிப்பித்த தொகுப்பு அந்தப் பட்டியலின் பலவீனங்களை விரிவாக அலசியது. கட்டுமானம், உலோகம் போன்ற மந்தத்தால் நொறுங்கும் தொழில்களில் சங்கங்கள் வலுவாக இருந்தன. ஆகவே சங்கக் கணக்கு நிலைமையை மிகைப்படுத்துகிறது என்பது ஒரு குறை. சங்கத்தில் சேரவே வழியில்லாத திறன்குறைந்த கூலிகள் கணக்கில் வருவதில்லை என்பது எதிர்த்திசைக் குறை. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

ஒரு நாட்டுக்குள் ஆண்டுக்கு ஆண்டு ஏற்றஇறக்கத்தைக் காட்ட இந்த எண்கள் பெரிதும் நம்பத்தக்கவை. ஒரு நாட்டை இன்னொன்றின் மேலே கீழே வரிசைப்படுத்த அவை போதா. பட்டியலில் ஜெர்மனியும் பிரான்சும் விலகி நிற்கும் தூரத்தில் ஒரு பகுதி ஆலைகளின் நிலையைக் காட்டுகிறது. இன்னொரு பகுதி பதிவேடுகளின் அமைப்பைக் காட்டுகிறது. எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பதுதான் சிக்கல்.

நிவாரண வேலை வேலையா?

1976இல் மைக்கேல் டார்பி ஒரு கட்டுரையில் லெபர்காட்டின் கணக்கை எதிர்த்தார். ரூஸ்வெல்ட் அரசின் அவசரகாலப் பணித் திட்டங்களில் சாலை போட்டவர்களையும் மரம் நட்டவர்களையும் லெபர்காட் வேலையற்றோராகவே எண்ணியிருந்தார். அவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது, வேலையும் உண்மையான வேலைதான் என்றார் டார்பி. அவர்களை வேலையில் உள்ளோராக மாற்றினால் 1933இன் விகிதம் 20.6 சதவீதமாகக் குறைகிறது. 1936இல் வேறுபாடு இன்னும் பெரியது: ஏறத்தாழ 17 சதவீதம் 10 சதவீதமாகிறது. மந்தத்திலிருந்து அமெரிக்கா மீண்டது மெதுவாகவா விரைவாகவா என்ற பெரிய வாதத்தின் முடிவே இந்த ஒரு வகைப்படுத்தலில் தொங்குகிறது.

டார்பியின் கணக்குக்கும் பதில் வந்தது. நிவாரண வேலை தற்காலிகமானது, சந்தைச் சம்பளத்துக்குக் குறைந்தது, தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு மட்டுமே கிடைத்தது. அதில் இருப்பவர் வேறு வேலையை எதிர்பார்த்தே நிற்கிறார் என்பது எதிர்த்தரப்பு. ஜெர்மனியில் இதே பிரச்சினை இருண்ட வடிவம் எடுத்தது. 1932 தொடக்கத்தில் பதிவுபெற்ற வேலையற்றோர் 60 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். நாஜி ஆட்சி அந்த எண்ணை விரைவாகக் குறைத்துக் காட்டியது. அதில் பொதுப்பணிகளும் ஆயுத உற்பத்தியும் உண்டு. கூடவே பெண்களை வேலையிலிருந்து விலகத் தூண்டியதும், யூதர்களை வேலைகளிலிருந்து வெளியேற்றியதும், 1935இல் கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்ததும் உண்டு. சோவியத் ஒன்றியம் 1930இல் வேலையின்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்து அந்தக் கணக்கையே நிறுத்திக்கொண்டது. எண் குறைந்தது என்பதற்கும் மக்களுக்கு வேலை கிடைத்தது என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இவற்றைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்தியாவில் நூறு நாள் வேலை போன்ற ஊரக வேலையுறுதித் திட்டத்தில் உழைப்பவரை நமது உழைப்பாளர் கணக்கெடுப்பு வேலையில் உள்ளவராகவே எண்ணுகிறது. அதற்கெனத் தனிக் குறியீடும் வைத்திருக்கிறது. நாம் டார்பியின் பக்கம் நிற்கிறோம், அதுபற்றி அதிகம் விவாதிக்காமலேயே.

காப்பீடே வேலையின்மையைப் பெருக்கியது என்ற வாதம்

1979இல் டேனியல் பெஞ்சமினும் லெவிஸ் கோச்சினும் பிரிட்டன் பற்றி ஒரு சர்ச்சைக்குரிய கருத்தை முன்வைத்தார்கள். காப்பீட்டுத் தொகை தாராளமாக இருந்ததால் வேலை தேடும் அவசரம் குறைந்தது, வேலையின்மையின் கணிசமான பங்கு அதனால் விளைந்தது என்றார்கள். சில ஆண்டுகளிலேயே பல பொருளியலாளர்கள் அவர்களுடைய புள்ளியியல் முறையைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். சுரங்கமும் கப்பல் கட்டுமானமும் படுத்துப்போன வடக்கு ஊர்களில் தேடினாலும் வேலை இல்லை என்பதே வலுவான எதிர்வாதம். அந்த வாதத்தின் பக்கமே சான்று இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஆனாலும் பெஞ்சமின், கோச்சின் தரப்பில் ஒப்பீட்டுக்கு உதவும் ஓர் உண்மை இருக்கிறது. காப்பீடு இருக்கும் இடத்தில்தான் வேலையின்மை பதிவாகிறது. பிரிட்டனில் 1931ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்கள் பலருடைய உதவித்தொகை உரிமையைப் பறித்தது. பதிவேட்டில் அவர்கள் குறைந்தார்கள். ஆலையில் வேலை கூடியதால் அல்ல, பதிவு செய்து பயனில்லை என்பதால். உதவித்தொகையே இல்லாத நாட்டில் பதிவேட்டுக்குப் போய் நிற்க யாருக்கும் காரணம் கிடையாது. அன்றைய இந்தியா அப்படிப்பட்ட நாடுதான். தூத்துக்குடி துறைமுகத்தில் அக்காலத்தில் கப்பல்கள் ஆழமின்மையால் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நின்றன. சரக்கு தோணியில் ஏறி இறங்கியது. கப்பல் வந்த நாளில் ஆள் கூப்பிடுவார்கள், வராத நாளில் கூலி இல்லை. மாதத்தில் இருபது நாள் கிடைத்த வேலை பத்து நாளாகக் குறைந்தால், அந்தச் சுமைகூலியின் குடும்பத்தில் அடுப்பு எரிவது பாதியாகும். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது.

கிராமம் தாங்கிக்கொண்டது என்ற நம்பிக்கை

இந்தியாவில் வேலையின்மையை அளக்காமல் விட்டதற்குப் பின்னால் ஒரு கொள்கையும் இருந்தது. ஜான் ஹென்றி விட்லி தலைமையில் 1929இல் அமைந்த தொழிலாளர் ஆணையம் 1931இல் அறிக்கை தந்தது. வி. எஸ். சீனிவாச சாஸ்திரியும் என். எம். ஜோஷியும் அதன் உறுப்பினர்கள். ஆலைத் தொழிலாளி கிராமத்தோடு உறவை அறுத்துக்கொள்ளவில்லை, வேலை போனால் ஊருக்குத் திரும்பிவிடுகிறான், எனவே மேலை நாட்டு முறையிலான வேலையின்மைக் காப்பீடு இங்கே நடைமுறைக்கு ஒவ்வாது என்ற பார்வை அந்த அறிக்கையில் ஓடுகிறது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலையின்மையைத் தொட்டது படித்தவர்கள் விஷயத்தில்தான். அதற்கான தனிப் படிவங்களால் கிடைத்த பலனும் சொற்பம். ஐக்கிய மாகாணத்தில் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையிலான குழு 1935இல் அறிக்கை தந்தபோதும் கவலையின் மையம் படித்த இளைஞர்களே. கைகளால் உழைத்தவர்களின் வேலையின்மை ஆட்சியின் கண்ணில் படவில்லை.

ஜப்பானிலும் இதே விளக்கம் தரப்பட்டது. அந்நாட்டின் அதிகாரபூர்வ விகிதம் மந்தத்தின் உச்சத்திலும் 7 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஆலையிலிருந்து திரும்பியவர்களைக் கிராமம் ஏற்றுக்கொண்டது என்றார்கள்.

இந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கிக் கேள்வி எழுப்பியவர் பொருளியலாளர் ஜோன் ராபின்சன். 1936இல் அவர் மறைமுக வேலையின்மை என்ற கருத்தை முன்வைத்தார். வேலையிழந்தவர் குறைந்த விளைவு தரும் ஏதோவொரு பிழைப்பில் ஒதுங்கினால், அவர் கணக்கில் வேலையில் உள்ளவர். உண்மையில் அவருடைய ஆற்றல் வீணாகிறது. ரோசன்ஸ்டைன்-ரோடான், நர்க்சே, ஆர்தர் லூயிஸ் ஆகியோர் இக்கருத்தை ஏழை நாடுகளின் விவசாயத்துக்கு விரித்தார்கள். தியோடர் ஷூல்ட்ஸ் 1964இல் அதை மறுத்தார்: 1918இன் இன்ஃப்ளுயன்சா காய்ச்சலில் இந்தியக் கிராமங்கள் ஆட்களை இழந்தபோது சாகுபடிப் பரப்பும் குறைந்தது, ஆகவே உபரி ஆட்கள் இருந்ததாகச் சொல்ல முடியாது என்றார். அந்தச் சோதனையை அமர்த்தியா சென் ஏற்கவில்லை. ஒருவர் போனபின் மீதமிருப்பவர்கள் கூடுதலாக உழைப்பார்களா என்பதைப் பொறுத்தே பதில் அமையும் என்பது அவர் நிலைப்பாடு. குன்னார் மிர்தால் 1968இல் இன்னும் கடுமையாக, மேலை நாடுகளின் வேலையின்மைக் கருத்தையே தெற்காசியாவில் பயன்படுத்துவது தவறு என்றார்.

இந்த நீண்ட விவாதம் முழுவதும் நிலத்தைச் சுற்றியே நடந்தது. முத்துக்கரையில் அது தடுமாறுகிறது. மீனவனுக்கோ உப்பளக் கூலிக்கோ திரும்பிப் போக வயல் இல்லை. வேலை போனவனைக் கிராமம் தாங்கும் என்ற வாதம் நிலமுள்ள குடும்பங்களுக்கே முழுமையாகப் பொருந்தும். நிலமற்றவர்களைத் தாங்கியது எது? உறவினர் தயவு, அடகு, கடன், பட்டினி. தொழிலாளர் ஆணையத்தின் பார்வையில் இவர்களுக்குத் தனி இடம் இல்லாதது அதன் ஆழமான குறை.

இந்தியாவில் மந்தம் ஆள்நீக்கமாக வரவில்லை, விலைச் சரிவாக வந்தது என்பது வரலாற்றாளர் டீட்மர் ரோதர்முண்ட் போன்றோர் வலியுறுத்திய நிலைப்பாடு. இதற்குச் சான்று வலுவானது. நெல்விலை சில ஆண்டுகளில் பாதியாகச் சரிந்தது. வரியும் வட்டியும் சரியவில்லை. சென்னை மாகாணத்தின் விவசாயக் கடன் 1930இல் சுமார் 150 கோடி ரூபாய் என்று வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. 1935இல் விவசாயக் கடன் பற்றிய சத்தியநாதன் அறிக்கை அதைச் சுமார் 200 கோடி என்றது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டபின் இந்தியக் குடும்பங்களின் தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. தாலியைத் தவிர மற்றதெல்லாம் விற்ற குடும்பம் எந்த வேலையின்மைப் பட்டியலிலும் இல்லை, ஆனால் மந்தத்தின் அடி அதன்மேல் விழுந்துவிட்டது.

இதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. வரலாற்றாளர் கிறிஸ்டோபர் பேக்கர் காட்டியதுபோல, கிராமக் கடன்சந்தை முடங்கியதால் பணம் நகரத்துக்கும் தொழிலுக்கும் பெயர்ந்தது. பருத்தி மலிவாகக் கிடைத்தது, 1932இல் பைகாரா நீர்மின்சாரம் வந்தது, கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. பிரிட்டிஷ் முறையில் ஆலைத் தொழிலாளர்களை மட்டும் எண்ணியிருந்தால், சென்னை மாகாணம் மந்தத்தை எளிதாகக் கடந்துவிட்டதாகவே அந்தக் கணக்கு காட்டியிருக்கக்கூடும்.

ஒரே தொழில், இரண்டு கரைகள்

மந்தக் காலத்தில் ஒரு தொழில் நின்றால் மந்தமே அதற்குக் காரணம் என்று எழுதிவிடுவது எளிது. முத்துக்குளிப்பு இதில் எச்சரிக்கை தருகிறது. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள பார்களில் (சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில்) அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1920களின் பிற்பகுதியில் நடந்தது. அதன்பிறகு 1955 வரை இல்லை. 1961தான் கடைசி. 1930களின் இந்த வெறுமைக்கு முதன்மைக் காரணம் பார்களில் குளிக்கத்தக்க அளவில் சிப்பி இல்லாததே. சிப்பி பார்களில் பெருகுவதும் மறைவதும் நூற்றாண்டுகளாக நடந்துவரும் இயற்கைச் சுழற்சி. உலக விலை உச்சத்தில் இருந்திருந்தாலும் அந்த ஆண்டுகளில் இங்கே முத்து குளித்திருக்க முடியாது.

பாரசீக வளைகுடாவில் கதை வேறு. பஹ்ரைன், குவைத் கரைகளில் சிப்பி இருந்தது, வாங்க ஆள் இல்லை. ஜப்பானிய மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்து சந்தையைக் குலைத்துக்கொண்டிருந்த வேளையில் பாரிஸ், நியூயார்க் வாங்குநர்களை மந்தம் முடக்கியது. குளிக்கப் போகும் படகுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. முன்பணக் கடனில் கட்டுண்டிருந்த குளியாட்களில் பலர் எண்ணெய்க் கம்பெனியின் கூலிகளானார்கள். ஒரே பத்தாண்டு, ஒரே தொழில், இரண்டு கரைகளிலும் குளிப்பு ஓய்ந்தது, காரணங்கள் ஒன்றல்ல.

வகைப்படுத்தலிலும் சிக்கல் உண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டிலும் அது சில வாரங்களே. குளிப்பவருக்குக் கூலி கிடையாது, எடுத்த சிப்பியில் ஒரு பங்கு மட்டுமே. ஆண்டின் மற்ற மாதங்களில் அவர் சங்கு குளித்தார், மீன் பிடித்தார். எடுத்த சங்கு வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போயிற்று. முத்துக்குளிப்பு இல்லாத ஆண்டில் அவரை வேலையற்றவர் என்று எழுதுவதா, வருமானம் குறைந்த சங்குக்காரர் என்று எழுதுவதா? பட்டியல் போடுகிறவர் எதைத் தேர்ந்தாலும் பாதி உண்மைதான் பதிவாகும்.

கப்பலேற்றி அனுப்பப்பட்ட வேலையின்மை

ஒப்பீட்டு ஆய்வுகள் மிகக் குறைவாகத் தொட்ட இடம் இதுதான் என்று கருதுகிறேன். தமிழர்களுக்கு மிக நெருக்கமான இடமும் இதுவே.

மலாயாவின் ரப்பர் 1929இல் பவுண்டுக்கு 34 சென்ட் அளவில் விற்றது. 1932இல் சில மாதங்களில் 5 சென்டுக்கும் கீழே போயிற்று. தோட்டங்கள் முதலில் கூலியைக் குறைத்தன. ஆண்களுக்கு 50 சென்டாக இருந்த நாட்கூலி 40 ஆகி, பின்னர் இன்னும் இறங்கியது. அடுத்து ஆட்களைக் குறைத்தன. 1930இல் உதவிபெற்ற குடியேற்றம் நிறுத்தப்பட்டு 1934 வரை திறக்கவில்லை. வேலையிழந்த தமிழர்களும் தெலுங்கர்களும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். 1930 முதல் 1932 வரையிலான மூன்று ஆண்டுகளில் மட்டும் பொதுச் செலவில் திருப்பி அனுப்பப்பட்ட இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இவர்கள் எந்த நாட்டின் வேலையின்மை? மலாயாவின் கணக்கில் இல்லை, ஏனென்றால் அங்கே அவர்கள் இல்லை. இந்தியாவின் கணக்கில் இல்லை, ஏனென்றால் இந்தியாவில் கணக்கே இல்லை. வேலை போனது கோலாலம்பூரை ஒட்டிய தோட்டத்தில், பசி வந்தது தஞ்சாவூர், திருச்சி, சேலம் மாவட்டக் கிராமங்களில். ஒரு நாடு தன் வேலையற்றோரை எல்லைக்கு வெளியே தள்ளினால் அதன் விகிதம் அழகாகிவிடுகிறது. இதை மலாயா மட்டும் செய்யவில்லை. பிரான்ஸ் போலந்துத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பியது. அமெரிக்கா லட்சக்கணக்கான மெக்சிக்கர்களை எல்லை தாண்ட வைத்தது. பட்டியலில் பிரான்சின் எண் தாழ்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பல ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஆனால் திரும்பியவர்கள் சேர்ந்த நாட்டின் கணக்கில் அந்த எண்ணைக் கூட்டும் முயற்சியை அரிதாகவே காண முடிகிறது.

பர்மாவில் நெல்விலைச் சரிவு இன்னொரு வடிவம் எடுத்தது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை அமர்த்தி, பின் அவர்களை நீக்கியது கலவரமாக வெடித்தது. இருக்கும் கொஞ்ச வேலைக்கு இரண்டு ஏழைக் கூட்டங்கள் மோதிக்கொண்டன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கடன் தந்த செட்டியார்கள் கைக்கு வந்த நிலம் 1930இல் 6 சதவீதமாக இருந்து அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 25 சதவீதமாயிற்று. அவர்கள் விரும்பி வாங்கிய நிலம் அல்ல, திரும்பி வராத கடனுக்கு ஈடாக வந்தது.

தூத்துக்குடிக் கரைக்கு மிக அருகில் இருந்தது இலங்கை. 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் தொடங்குவதற்கு முன் தோட்டத் தொழிலாளர்கள் கொழும்புக்குப் போன முக்கிய வழிகளில் ஒன்று தூத்துக்குடி. பின்னர் அந்தப் போக்குவரத்து மண்டபம் முகாமுக்கு மாறியது. மந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் மலாயாவைப்போல் ஆட்களை மொத்தமாக வெளியேற்றவில்லை. ரப்பர் தோட்டங்களின் நிலை இன்னும் மோசம். 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தியிருந்த குறைந்தபட்சக் கூலி மந்த ஆண்டுகளில் வெட்டப்பட்டது. மலாயாவில் வேலையின்மையாக வந்த சுமை இலங்கையில் பெரிதும் கூலிக் குறைப்பாக வந்தது. இரண்டு நாடுகளையும் வேலையின்மை விகிதத்தால் மட்டும் ஒப்பிட்டால் இலங்கைத் தோட்டத் தொழிலாளி மந்தத்தை உணரவே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். 1939இல் இலங்கை அரசு தன் துறைகளிலிருந்து தினக்கூலி இந்தியர்களை நீக்க முற்பட்டது. அதற்குப் பதிலடியாக இந்திய அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. வேலையற்றவர் யாருடைய பொறுப்பு என்ற சண்டை அப்போதே இரு அரசுகளுக்கிடையே வந்துவிட்டது.

உப்பளத்தில் ஒரு வாரம்

சுதந்திர இந்தியா இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. எம். எல். தந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு 1970இல், வேலையின்மைக்கு ஒரே எண் தருவது இந்தியச் சூழலில் பொருளற்றது என்று கூறியது. அதன் வழியில் 1972-73இன் தேசிய மாதிரி ஆய்வு மூன்று அளவுகளைக் கொண்டுவந்தது: ஆண்டு முழுவதற்குமான வழக்கமான நிலை, ஒரு வார நிலை, தினசரி நிலை. 1973இல் ராஜ் கிருஷ்ணா நேரம், வருமானம், விருப்பம், விளைதிறன் என்று நான்கு அளவுகோல்களைப் பிரித்துக்காட்டினார். என் கணிப்பில், உலக ஒப்பீட்டு விவாதத்துக்கு இந்தியா அளித்த மிக முக்கியமான பங்களிப்பு இந்த இரண்டும்.

மாப்பிள்ளையூரணிப் பகுதியின் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை இந்த அளவுகளால் பார்க்கலாம். தை, மாசியில் பாத்தி மிதித்துச் சீராக்கும் வேலை தொடங்கும். வெயில் ஏற ஏற உப்பு படியும். விடியுமுன் இறங்கி வாருபலகையால் உப்பை வாரி, வரப்பில் ஒதுக்கி, தலைச்சுமையாக அம்பாரத்தில் சேர்ப்பார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும். பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் வேலை கிடையாது. கார்த்திகையில் கணக்கெடுப்பாளர் வீடு தேடி வருகிறார். வழக்கமான நிலையின்படி இந்தப் பெண் ஆண்டின் பெரும்பகுதி உழைத்தவர், ஆகவே வேலையில் உள்ளவர். ஒரு வார நிலையின்படி, கடந்த ஏழு நாளில் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேறெங்காவது கூலிக்குப் போயிருந்தாலும் அவர் வேலையில் உள்ளவரே. அதுவும் இல்லையென்றால், 'வேலை தந்தால் செய்வேன்' என்று சொன்னால் வேலையற்றவர். 'மழைக்கு யார் வேலை தருவார்கள்' என்று விரக்தியில் சொல்லிவிட்டால் உழைப்பாளர் படைக்கே வெளியே போய்விடும் அபாயம் உண்டு. அமெரிக்க வரையறை இன்னும் கறாரானது. முந்தைய நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப அழைப்பார்கள் என்ற எதிர்பார்ப்புடன் தற்காலிக நிறுத்தத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தமே இல்லாத தினக்கூலி எந்தப் பிரிவில் விழுவார் என்பது கேட்பவர் எழுதுவதைப் பொறுத்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நிற்கும் விசைப்படகுத் தொழிலாளிக்கும் இதே கேள்வி எழும். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமும் மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணமும் தருவதன்மூலம், இந்த மாதங்களில் அவர்களுக்கு வேலை இல்லை என்பதைத் தமிழ்நாடு அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் வழக்கமான நிலைக் கணக்கில் அந்த மாதங்கள் கரைந்துவிடுகின்றன.

2020இல் உலகம் முழுவதும் இதே தடுமாற்றம் மீண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்க வேலையின்மை 14.8 சதவீதம் என்று பதிவானது. வேலைக்கு வராதவர்களைத் தவறாக வகைப்படுத்தியதைச் சரிசெய்தால் ஏறத்தாழ 5 புள்ளி கூடும் என்று அந்நாட்டுப் புள்ளியியல் துறையே சொன்னது. அதே மாதம் ஜெர்மனியில் சுமார் 60 லட்சம் பேர் குறுநேர வேலைத் திட்டத்தில் இருந்தார்கள். கணக்கில் அவர்கள் வேலையில் உள்ளோர். இந்திய நகரங்களில் ஏப்ரல் - ஜூன் காலாண்டின் ஒரு வார நிலை விகிதம் ஏறத்தாழ 21 சதவீதம். ஆனால் 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரையிலான ஆண்டுக்கு அதே கணக்கெடுப்பு தந்த நாடு தழுவிய வழக்கமான நிலை விகிதம் 4.8 சதவீதம். முந்தைய ஆண்டின் 5.8ஐ விடக் குறைவு. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பியவர்களின் ஆண்டில் வேலையின்மை குறைந்துவிட்டதாக ஓர் அதிகாரபூர்வமான கணக்கு சொல்கிறது. கிராமம் தாங்கிக்கொண்டது என்ற 1931இன் பார்வை வரையறைக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தீராத கேள்விகள்

தொழில்துறை நாடுகளைப் பொறுத்தவரை ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: ஜெர்மனியும் அமெரிக்காவும் மிக ஆழமாகப் பாதிக்கப்பட்டன, பிரான்சும் ஜப்பானும் பதிவேடு காட்டுவதைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த நாடுகளின் துல்லிய வரிசையை நம்ப இடமில்லை. காப்பீடு இல்லாத நாடுகளில் வேலையின்மை விகிதத்தைப் பின்னோக்கிக் கட்டியெழுப்ப முயல்வதும் வீண் என்றே தோன்றுகிறது. கிடைத்த வேலைநாட்கள், கூலி, கடன், திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் விகிதத்தோடு அருகருகே வைப்பதே நேர்மையான ஒப்பீடு.

இந்த நான்கில் எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது இன்னும் தீரவில்லை. பாதி நாள் வேலையிழந்த இருவரை, முழுவதும் வேலையிழந்த ஒருவருக்குச் சமமாக எண்ணலாமா என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. பெண்களின் வேலை மந்தத்தில் கூடியதா குறைந்ததா என்பதற்கு இந்தப் பகுதியில் தெளிவான விடை கிடைக்கவில்லை.

திரும்பி வந்தவர்களைப் பற்றியாவது சான்று இருக்கிறது. மலாயாவிலும் இலங்கையிலும் இருந்த இந்திய அரசின் பிரதிநிதிகள் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார்கள். துறைமுகவாரியாகப் போனவர், வந்தவர் கணக்கு அவற்றில் உண்டு. அந்த எண்களை மாவட்டவாரியான கூலி, நெல்விலைப் பதிவுகளோடு சேர்த்துப் படிக்கும் பணியை நம் பல்கலைக்கழகங்களின் பொருளியல், வரலாற்றுத் துறைகள் எடுத்துச் செய்ய வேண்டும். உலகப் பட்டியலில் தமிழகத்துக்கென ஒரு வரி சேர வேண்டுமானால் அது அங்கிருந்துதான் வரும்.